மேல்கமிட்டிக்குச் சொல்லியாயிற்று

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் கட்சிக் கிளையில் யாருக்கோ வாய் ஓட்டை. இதை எழுதி வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போன புதன்கிழமை தண்ணீர் லாரிகளை மறிப்பது என்று முடிவெடுத்திருந்தோம். ஊருணிக்கு அந்தப் பக்கம் சோலார் கம்பெனி போட்டிருக்கும் போர்வெல்லில் தினமும் விடிந்ததும் லாரிகள் தண்ணீர் ஏற்றுகின்றன. கம்பெனியின் சோலார் பண்ணையில் இருக்கும் கண்ணாடித் தகடுகளைக் கழுவுவதற்கு. அங்கே தகடு குளிக்கிறது. இங்கே செங்கணேந்தலில் குடிக்கிற தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஊர்க்குழாயைத் திறந்தால் காற்று வருகிறது.

கொடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் லாரி ஒன்றுகூட இல்லை. ஜீப் நிறைய போலீஸ் இருந்தது. எஸ்.ஐ. என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன டீச்சர், இன்னைக்குப் பால்வாடிக்கு லீவா?" என்றார். அங்கன்வாடி ஊழியரான நான் கட்சிக் கிளைச் செயலாளராக இருப்பது அவருக்கு எப்போதும் ஒரு தமாஷ். மறுநாள் வியாழக்கிழமை லாரிகள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடின.

முடிவெடுத்தது காதர் மைதீன் கடையில். அவர் தையல்காரர், மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் பேசினோம். இருந்தது கிளை உறுப்பினர்கள் மட்டும். வெளியே போய் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கம்போலத் தாலுகா செயலாளர் தோழர் நிறைகுளத்தானுக்குப் போன் செய்து ரிப்போர்ட் சொன்னேன். அது அமைப்பு விதி. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அப்படியென்றால் யார்?

மார்ச் 4, செவ்வாய்

அங்கன்வாடிக்கு முட்டை வரவில்லை. பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்துக் கொடுத்துச் சமாளித்தேன். மத்தியானம் கரண்ட் ஆபீசிலிருந்து புது மீட்டர் மாட்டுவதற்குக் கணக்கெடுக்க ஓர் ஆள் வந்தான். செல்போனுக்குக் காசு போடுவது போல விளக்குக்கும் முன்கூட்டியே காசு போடும் நாள் வரும், அன்றைக்கு உன் வேலையும் போகும் என்று அவனுக்கே ஒரு வகுப்பு எடுத்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஓடிவிட்டான்.

இரவு போத்திராஜாவிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், புதன்கிழமைக் கதையைப் புலம்பினேன். அவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். எதையும் நிதானமாகத்தான் கேட்பார்.

"முடிவு எத்தன பேருக்குத் தெரியும்?"

"கிளைக்கு மட்டும்தான்."

"அன்னைக்கு ராத்திரி வாசல்ல நின்னு யார்ட்டயோ அவ்வளவு நேரம் போன்ல பேசுன?"

"அது மேல்கமிட்டி."

"சரி, மேல்கமிட்டி," என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். லோடு ஏற்றி இறக்குகிறவருக்குக் கட்சி அமைப்பைப் பற்றி என்ன தெரியும்? மேற்கொண்டு விளக்கி என் வாயைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய அரசியல் வகுப்பு: எரிசக்தி யார் கையில்? ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாகவே எடுத்தேன். மேற்காசியாவில் சண்டை மூண்டால் எண்ணெய்க் கப்பல் வரும் கடல்வழி அடைபடும், உடனே நம் வீட்டு சிலிண்டர் விலை ஏறும், ஆகவே ஏகாதிபத்தியம் எங்கேயோ இல்லை, நம் அடுப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்றேன். காதர் மைதீன் தலையாட்டினார். முத்திருளாயிதான் கையைத் தூக்கினாள்.

"அப்ப சூரியன் நல்லதுதான மங்களம்? அதக் கப்பல்ல ஏத்திக் கொண்டார வேணாம்ல?"

"சூரியன் நல்லதுதான் தோழர். அதுல வர்ற மின்சாரம் தனியார் கையிலயா, பொதுத்துறை கையிலயாங்கிறதுதான் கேள்வி."

"பொதுத்துறை வந்தாலும் தகட நாங்கதான கழுவணும்? தண்ணி இந்த ஊர்த் தண்ணிதான?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முத்திருளாயி அந்தப் பண்ணையில்தான் தகடு கழுவுகிறாள். கம்பெனிக்குள்ளே நம் சங்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நானே சொல்லி அனுப்பியதுதான். ஆனால் இந்தக் கேள்வி அவளுடையது மாதிரி இல்லை.

புதன்கிழமை கம்பெனியின் பெரிய அதிகாரிகள் வருகிறார்களாம். வெறுங்குடத்தோடு பெண்களைத் திரட்டி மேற்கு வாசலில் நிற்பது என்று முடிவு. வீட்டுக்கு வந்து தோழர் நிறைகுளத்தானுக்குச் சொன்னேன். "நல்ல முடிவு தோழர். எத்தன மணிக்கு? எந்த வாசல்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் எங்கள் சின்னக் கிளையின் காரியத்தில் இவ்வளவு அக்கறை. தலைமை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

அதிகாரிகள் நேற்று சாயங்காலமே வந்து, கிழக்கு வாசல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். மேற்கு வாசலில் நாங்களும் குடங்களும் போலீசும் நின்றோம். எஸ்.ஐ. எங்களுக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். அவமானம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போனபோது கம்பெனி ஜீப் ஒன்று பஸ் ஸ்டாப்பில் நின்றது. அதிலிருந்து முத்திருளாயி இறங்கினாள். சேலை நனைந்திருந்தது. என் பக்கம் முகம் திரும்பியது, ஆனால் பார்க்காத மாதிரி விறுவிறுவென்று போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

போன மாதம் தகடு கழுவுகிற பெண்களுக்கெல்லாம் முத்திருளாயியை மேஸ்திரி ஆக்கினார்கள். இதை நான் ஏன் இதுவரை யோசிக்கவில்லை?

மார்ச் 16, ஞாயிறு

நானும் முத்திருளாயியும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. என் மூத்தவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். என்னைப் பார்த்துத்தான் கட்சிக்கு வந்தாள். அதனால்தான் யாரும் அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். கம்பெனிக்காரன் முட்டாளா என்ன, யாரும் சந்தேகப்படாத ஆளைத்தானே பிடிப்பான்?

ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் பார்க்கிறதெல்லாம் அதுவாகவே தெரிகிறது. காதர் மைதீன் கம்பெனி வாட்ச்மேன்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிறார். என் வீட்டுக்காரரே போன வருஷம் கம்பெனிக்கு இரண்டு நடை கம்பி லோடு அடித்தார். அவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஆமா, நாந்தான் சொன்னேன். கம்பெனில எனக்கு ஹெலிகாப்டர் தர்றேன்னாங்க," என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

பொறி வைத்துவிட்டேன்.

இந்த முறை கூட்டம் கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னேன். காதர் மைதீனுக்கும் மற்றவர்களுக்கும், வியாழக்கிழமை விடியற்காலை லாரி மறியல். முத்திருளாயிக்கு மட்டும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை போலீஸ் வந்து நின்றால் ஆள் அவள்தான். இதைவிடச் சுத்தமான சோதனை இருக்க முடியாது.

தோழர் நிறைகுளத்தானுக்கு வியாழன் என்று சரியாகச் சொல்லிவிட்டேன். பொறியைப் பற்றிச் சொல்லவில்லை. நிரூபித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆனால் மேல்கமிட்டிக்குப் பொய்த் தேதி சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை.

மார்ச் 27, வியாழன்

லாரி வரவில்லை. போலீஸ் வந்தது.

மார்ச் 28, வெள்ளி

இன்று லாரிகள் வரிசையாக வந்தன. போலீஸ் இல்லை. நான் கருவேலங்காட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்திருளாயி தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு தானே போய் முதல் லாரிக்கு முன்னால் நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். கிளீனர் இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் தள்ளினான். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். போகவில்லை.

முழங்கையில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஏத்தா மங்களம், ஒருத்தரும் வரல? நீ கூட வரல?"

"மறியல் நேத்தே நடந்துருச்சு. ஒனக்குத் தெரியாதா?"

தண்ணீர் கொடுத்தேன், வாங்காமல் போய்விட்டாள்.

நான் நன்றாக யோசித்துவிட்டேன். காதர் மைதீன் வாய் தவறி வியாழன் என்று அவளிடம் சொல்லியிருப்பார். அதை அவள் கம்பெனிக்குச் சொல்லியிருப்பாள். ஒன்றும் தெரியாத மாதிரி வெள்ளிக்கிழமை வந்து நின்று நாடகம் போட்டிருக்கிறாள். முழங்கையைச் சிராய்த்துக்கொள்வது பெரிய விஷயமா?

இதைப் போத்திராஜாவிடம் சொன்னேன். "வெள்ளிக்கெழமைன்னு நீ சொல்லிவிட்ட ஆளு, வெள்ளிக்கெழமையச் சொல்லாம வியாழக்கெழமையப் போயி போட்டுக் குடுத்துச்சாக்கும்? அந்த வியாழக்கெழம யார் யாருக்குத் தெரியும்னு எண்ணிப் பாரு," என்றார். நாளைக்கு லோடு இருக்கிறது, பேசாமல் படுங்கள் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முத்திருளாயி மேல் விசாரணை முடிந்தது.

தோழர் நிறைகுளத்தான் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்தார். காதர் மைதீன் கடையில் எப்போதும் இருக்கும் டீயும் பேச்சும் இல்லை. நான்தான் குற்றச்சாட்டை வாசித்தேன். கம்பெனி ஜீப்பில் வந்தீர்களா என்று கேட்டேன். தோழர், நீங்கள் என்றெல்லாம் அவளிடம் பேசும்போது என் நாக்கே எனக்கு அந்நியமாக இருந்தது.

"வந்தேன். வெயில்ல எங்கூட வேல பாக்குற பேச்சி மயங்கி விழுந்துட்டா. அவ மேல தண்ணிய ஊத்தி, ஜீப்ப மறிச்சு, ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்தேன். அவ பிள்ளைக தனியாக் கெடந்துச்சுக, அதுக்குத்தான் ஓடுனேன்."

"இத ஏன் கிளையில சொல்லல?"

"நீ கேட்டியா?"

தோழர் நிறைகுளத்தான் தலையைக் குனிந்தே இருந்தார். சம்பந்தப்பட்டவர் வெளியே இருக்க வேண்டும் என்பது முறை என்று நான் சொன்னேன். அவள் எழுந்து போனதும் ஷட்டரை நானே இழுத்துச் சாத்தினேன். ஆறு மாத இடைநீக்கம். கையைத் தூக்கினோம். காதர் மைதீன் கை எல்லாருக்கும் கடைசியில் எழுந்தது, அதுவும் பாதிதான்.

"இது அமைப்பு விசயம். வெளிய ஒரு வார்த்த போகக் கூடாது," என்றார் தோழர் நிறைகுளத்தான். ஷட்டரைத் திறந்தபோது அவள் எதிர்வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். முடிவை நான் சொன்னேன். "சரி," என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

முட்டை வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வெளியே போகக் கூடாது என்ற விஷயம் ஊர் முழுக்கப் போய்விட்டது. அங்கன்வாடிக்குப் பிள்ளையை விட வந்த ஒருத்தி என்னிடமே கேட்கிறாள், "முத்திருளாயிதான் காட்டிக் குடுத்துச்சாமே டீச்சர்?" என்று. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் குடத்தை யாரும் வரிசையில் வைக்க விடுவதில்லை. அவள் மகளுக்குப் பேசி வைத்திருந்த பரமக்குடி மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

நேற்றுக் கம்பெனியும் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. உனக்குத்தான் இப்போது சங்கமே இல்லையே என்று சூப்பர்வைசர் சொன்னானாம்.

அவள் கம்பெனியின் ஆள் என்றால் கம்பெனி ஏன் அவளை நிறுத்துகிறது? இடைநீக்கம் செய்தது கம்பெனிக்கு எப்படி அதற்குள் தெரிந்தது? போத்திராஜா வாயையே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

போன வாரம் பி.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுக்கப் போவதாக முடிவெடுத்தோம். அதுவும் கசிந்து, அன்று பி.டி.ஓ. ஊரிலேயே இல்லை. அந்தக் கூட்டத்தில் முத்திருளாயி கிடையாது. இதை இங்கே எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அங்கன்வாடி ஆயாதான் ஓடி வந்து சொன்னாள், லாரியை மறித்துவிட்டார்கள் என்று. யார்? எங்கள் கிளை முடிவெடுக்கவே இல்லையே!

போய்ப் பார்த்தால் தகடு கழுவுகிற பெண்கள் அத்தனை பேரும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை, மைக் இல்லை. நடுவில் முத்திருளாயி. அவளை வேலைக்குத் திரும்ப எடு, ஊருக்குத் தண்ணீர் விடு, இரண்டுதான் கேட்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்களாம். பேச்சிதான் முதலில் உட்கார்ந்தாளாம். லாரிகள் வசமாக மாட்டிக்கொண்டு நின்றன. போலீஸ் வருவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் ஊர்ஜனம் பாதி கூடிவிட்டது.

முத்திருளாயி என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்கும் வருவோம்," என்று பேச்சியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் தோழர் நிறைகுளத்தானே கூப்பிட்டார்.

"என்ன தோழர் நடக்குது அங்க? எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

"எனக்கே தெரியாது தோழர்."

"நாளைக்கும் உக்காருவாங்களா? விசாரிச்சு ஒடனே சொல்லுங்க. எத்தன பேரு, எந்த எடம்?"

அதே கேள்விகள். இத்தனை நாளும் அக்கறை என்று நான் நினைத்த அதே கேள்விகள். என் வாயில் தானாக வந்தது: "இல்ல தோழர். இன்னைக்கோட முடிஞ்சுபோச்சு. நாளைக்கு எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க."

கட்சிக்கு வந்த நாளிலிருந்து மேல்கமிட்டிக்கு நான் சொன்ன முதல் பொய். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

லாரி வந்தது. போலீஸ் வரவில்லை.

நேற்று மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் இன்று எந்தத் தைரியத்தில் வந்தார்கள்? இன்று யாரும் இருக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்ன தைரியத்தில்தான். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகத் தண்ணீர் ஏற்றிவிட்டுத் திரும்பினான். கருவேல நிழலிலிருந்து பெண்கள் எழுந்து வந்து மறித்தார்கள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரோ போய் லாரியின் வால்வைத் திருகிவிட்டார்கள். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. நானும் பிடித்தேன்.

கல்யாணக் கதையை நான் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். போத்திராஜா காரணம் கேட்கவில்லை. அந்த மனுசனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

டவுனுக்குப் போய்க் கட்சியின் தாலுகா ஆபீசில் தோழர் நிறைகுளத்தானைப் பார்த்து நேராகவே கேட்டேன். மறுக்கவில்லை. உட்காரச் சொல்லி, தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"எம்.எல்.ஏ. நம்ம கூட்டணி தோழர். அவர் தொகுதியில ஒரு போராட்டம்னா முன்கூட்டி அவர்ட்ட ஒரு வார்த்த சொல்றது வழக்கம். அவர் யார்ட்ட சொல்றாருன்னு நான் கேட்டுக்கிறதில்ல. ஒங்க மேல ஒரு கேஸ் இருக்கா? ஒருத்தராவது ஜெயிலுக்குப் போனீங்களா? அது எப்பிடின்னு நெனைக்கிறீங்க?"

"எங்களக் காப்பாத்துனீங்களா தோழர்?"

"டில்லியில யாரு உக்காந்துருக்கான்னு பாருங்க. நாட்டு நெலம என்ன, ஒலகம் போற போக்கு என்ன? இந்த நேரத்துல ஒரு தண்ணி லாரிக்காக கூட்டணில விரிசல் விழணுமா?"

டில்லியைப் பற்றி அவர் சொன்னது எல்லாம் சரி. ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. அவர் காசு வாங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலர் நைந்த சட்டையோடுதான் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷமாகக் கட்சிக்கு உழைத்த மனுசர்.

"முத்திருளாயி?" என்றேன்.

அவர் டீ டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு நான் பேசியிருக்கணும். பேசல. கொஞ்ச நாள் போகட்டும், சத்தமில்லாமத் திரும்ப எடுத்துக்குவோம். நீங்க மட்டும் இத வெளிய பேசிராதீங்க. அமைப்பு விசயம்."

அவள் பெயர் கெட்டது ஊருக்கு நடுவில். நல்லாக்குவது மட்டும் சத்தமில்லாமலா?

ஏப்ரல் 28, திங்கள்

மே தினப் பொதுக்கூட்டம் இந்த வருஷம் எங்கள் ஊரில். எம்.எல்.ஏ.வும் வருகிறார். எனக்குத் தந்திருக்கும் தலைப்பு "இன்றைய தேச அரசியலும் எரிசக்திக் கொள்கையும்". உட்கட்சி விஷயத்தை மேடையில் பேசினால் என்ன தண்டனை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே பல பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

கட்சி இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அங்கன்வாடி, வீடு, போத்திராஜா. இந்த மூன்றும் இருக்கும்போதே எனக்கு மூச்சு முட்டி, அதனால்தானே கட்சிக்கு வந்தேன்.

மே 1, வியாழன்

பேசிவிட்டேன்.

பாலஸ்தீனத்தில் ஆரம்பித்தேன். எண்ணெய், நிலக்கரி, தனியார்மயம், புது மீட்டர் எல்லாம் தலைப்புப்படியே வந்தன. எம்.எல்.ஏ. சால்வையைச் சரி செய்துகொண்டு கைதட்டினார். கூட்டத்துக்குப் பின்னால் புரோட்டாக் கடை லைட்டுக்குக் கீழே தகடு கழுவுகிற பெண்கள் நின்றார்கள். முத்திருளாயியும் நின்றாள். அதற்குமேல் என்னால் டில்லியைப் பற்றிப் பேச முடியவில்லை.

"தோழர்களே, இந்த ஊர்ல முத்திருளாயிதான் காட்டிக் குடுத்துச்சுன்னு சொல்றீங்க. அவ காட்டிக் குடுக்கல. ஒவ்வொரு போராட்டத்தையும் போன்ல சொன்னது நான். நான் மேல சொன்னேன். அது மேல இருந்து இந்த மேடையில பக்கத்து நாற்காலிக்குப் போச்சு. அங்க இருந்து கம்பெனிக்கும் போலீசுக்கும் போச்சு. எனக்குக் கீழ இருந்தவ மேல மட்டும்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. மேல பாக்கவே எனக்குத் தோணல. அவள வெளிய நிறுத்திக் கதவச் சாத்துனது நான். கையத் தூக்குனதும் நான்."

தோழர் நிறைகுளத்தான் மேடையிலிருந்தே காதர் மைதீனைப் பார்த்து, மைக்கை நிறுத்து என்று கையைக் காட்டினார். காதர் மைதீன் ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் குனிந்தார். முடிந்தது என்று நினைத்தேன். என் மூச்சு திடீரென்று ஊர் முழுக்கக் கேட்டது. மனுசன் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்.

"முத்திருளாயி, என்னய மன்னிக்கச் சொல்லல. ஊருக்கு உண்ம தெரியணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். யாரும் கைதட்டவில்லை. எம்.எல்.ஏ.வுக்கு அடுத்த கூட்டம் இருந்ததாம், கிளம்பிவிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது புரோட்டாக் கடைக்குப் பக்கத்தில் பேச்சி மட்டும் நின்றாள்.

மே 3, சனி

தாலுகா ஆபீசிலிருந்து போன். நாளைக்குக் காலை கமிட்டி கூடுகிறது. என்மேல் விசாரணை. அநேகமாக வெளியேற்றம்தான். கூப்பிட்டுச் சொன்னது வேறொரு தோழர். நிறைகுளத்தான் பேசவில்லை.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நேற்று முத்திருளாயி குடம் வரிசையில் இருந்ததாக ஆயா சொன்னாள். வேலை இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. பெண்கள் தினமும் உட்காருகிறார்கள். இடம், நேரம் எதையும் யாருக்கும் சொல்வதில்லை.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளே அங்கன்வாடிக்கு வந்தாள். வாசற்படியில் நின்றாள்.

"ஒம்மேல கோவம் தீரல மங்களம்."

"தெரியும்."

"தீராது போலத்தான் இருக்கு. மாப்ள வீட்ல இன்னும் ஒண்ணும் சொல்லல." கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தாள். "நாளைக்கு எங்க வச்சு விசாரிக்கிறாக?"

"டவுன் ஆபீஸ்ல."

"என்னய உள்ள விடுவாகளா?"

"விட மாட்டாங்க. நீ இடைநீக்கத்துல இருக்க."

"அப்ப வெளிய ஒக்காந்துருக்கேன். கதவச் சாத்திக்கிட்டு நாலு பேரு நம்மளப் பத்திப் பேசுறப்ப, வெளிய நமக்குன்னு ஒரு ஆளு இருக்கணும். எனக்கு அன்னைக்கு யாரும் இல்ல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பிள்ளைகள் விழித்துவிடாமல் அழுதேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு, நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு என்றாள். பஸ்ஸில் தன் பக்கத்தில் மட்டும் உட்காரக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.